கொடிக்குப் பந்தலும் பந்தலுக்குக் காணியும்

(தெல்லிப்பழையில் நடைபெற்ற வீட்டுத்தோட்டச் சந்திப்பில், மலையகத்திலிருந்து சென்ற குழுவின் சார்பில் எமது அமைப்பாளரும் தோட்டப் பாடசாலை ஆசிரியருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறோம். தோட்டம் என்ற சொல். யாழ்ப்பாணத்தில் ஒருவர் தோட்டம் செய்கிறார் என்றால், வெங்காயமோ மிளகாயோ புகையிலையோ வைத்து, கிணற்றில் இறைத்து, விளைந்ததைத் தானே விற்கிற மனிதர் என்று அர்த்தம். அந்தச் சொல்லில் ஒரு மரியாதை இருக்கிறது. மலையகத்தில் தோட்டம் என்றால் கம்பனியின் தேயிலை. நாங்கள் தோட்டத்தில் பிறக்கிறோம், தோட்டத்தில் பேர் போடுகிறோம், தோட்டத்திலேயே புதைக்கப்படுகிறோம். ஆனால் எங்களுக்கென்று ஒரு தோட்டம் கிடையாது. லயத்துக்குப் பின்னால் நாலு போஞ்சிக் கொடி நட்டால் அந்த இடத்துக்குச் சரியான பெயர்கூட எங்களிடம் இல்லை. அந்தத் தோட்டம் என்ற சொல்லை வைத்தே எங்களை இழிவாகக் கூப்பிட்டவர்கள் தெற்கிலும் இருந்தார்கள், வடக்கிலும் இருந்தார்கள். அதை இங்கே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. இன்று காலையில் நீங்கள் "வாங்கோ, வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டு, ஒவ்வொரு வளவிலும் பந்தலைக் காட்டி, விதையையும் கையில் தந்தீர்கள். அதை நாங்கள் ஊரில் போய்ச் சொல்லுவோம்.

பந்தலையும் கொடியையும் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கொடிக்கு மண் கொஞ்சம் போதும். ஒன்றரை அடி அகலக் குழி, ஒரு அடி ஆழம், மீதி எல்லாம் ஆகாயம். காணி இல்லாதவர்களின் பயிர் அது. எங்கள் கணக்கை உங்கள் கணக்கில் சொன்னால் விளங்கும். மலையகத்தின் புதிய வீட்டுத்திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று கொடுத்தார்கள். உங்களுடைய ஒரு பரப்பு 10 பேர்ச். ஆகவே எங்களுக்குக் கிடைத்தது முக்கால் பரப்புக்கும் குறைவு. சதுர அடியில் பார்த்தால் 1,900 சொச்சம். அதில் வீடு 550 சதுர அடி. பிறகு மலசலகூடம், அதன் குழி, வாசலுக்கு ஏறும் படி, மண் சரியாமல் கட்டிய கல்மதில். மிஞ்சுவதில் பாதி சரிவு. இது கிடைத்தவர்களின் கணக்கு. கிடைக்காதவர்கள் இன்னும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மண் என்று இருப்பது கானுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள ஒரு முழம்தான். அந்த ஒரு முழத்திலிருந்து சௌசௌ கொடி தகரக் கூரைக்கு ஏறி, குடும்பத்துக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் காய் தரும். கொழுந்து இலையையும் கடைந்து சாப்பிடலாம்.

ஆனால் எந்தக் கொடியை நடுகிறோம் என்பதை மண்ணும் மழையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை நாள் இங்கே இருக்க விடுவார்கள் என்ற நினைப்பும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பயித்தங்காய் ஒன்றரை, இரண்டு மாதத்தில் காய்த்துவிடும். பாகலும் புடலையும் மூன்று மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். எழும்பு என்று சொன்னால் காயைப் பறித்துக்கொண்டு எழும்பலாம். மல்லிகை, முல்லை, கொடித்தோடை, சௌசௌ எல்லாம் அப்படி இல்லை. அவை வருடக் கணக்கில் நிற்கிற கொடிகள். அவற்றை நடுகிறவர், அடுத்த வருடமும் நான் இங்கேதான் இருப்பேன் என்று நினைத்துத்தான் நடுகிறார்.

உங்களுக்கு இது நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவர்கள், இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போனதாகச் சொல்கிறீர்கள். மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். முகாமிலும் தகரக் கொட்டிலின் மேல் பாகலும் பயித்தையும் ஏற்றினோம், ஒருவரும் மாங்கன்று வைக்கவில்லை என்று ஒரு அம்மா காலையில் சொன்னார். எங்கள் லயத்துக்கும் அதே கதைதான். வித்தியாசம் ஒன்றுதான். நீங்கள் முகாமில் இருபது, இருபத்தைந்து வருடம் இருந்தீர்கள். நாங்கள் லயத்துக்கு வந்து இருநூறு வருடம் ஆகிவிட்டது, 2023இல் அதை நினைவுகூர்ந்தோம்.

இனிப் பூவுக்கு வருவோம். வயிற்றுக்கே போதாத இடத்தில் பூக்கொடி எதற்கு என்று எங்கள் கூட்டங்களிலேயே கேட்கிற தோழர்கள் உண்டு. ஆண் தோழர்கள்தான் பெரும்பாலும் கேட்பார்கள். அவர்களுக்கு இரண்டு பதில் இருக்கிறது.

முதல் பதில் தேனீ. பாகல், புடலை, பீர்க்கு, சுரை எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தம் கொண்டுபோக ஆள் வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். உடனே உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் கொட்டுவோம். குறை உரத்தில் இல்லை. வேலியில் வருடம் முழுவதும் ஏதாவது ஒரு பூ இருந்தால்தான் தேனீயும் வண்டும் அந்தப் பக்கம் பழகும். பாகல் காலையில் பூக்கும். புடலை, பீர்க்கு, சுரை பொழுதுபடத்தான் விரியும், அவற்றுக்கு அந்துப்பூச்சி வர வேண்டும். அந்தப் பூச்சியைத் தேடி மல்லிகையும் முல்லையும் பந்தல் பக்கத்தில் நின்றால் நல்லது. உங்கள் பக்கத்து மஞ்சள் கொடித்தோடைக்கு அதே கொடியின் மகரந்தம் உதவாது. வேறு விதையிலிருந்து வந்த இன்னொரு கொடி வேண்டும், அந்தப் பூவுக்குள் முதுகு உரச நுழைகிற பெரிய கருவண்டும் வேண்டும். எங்கள் மலையில் விளைகிற ஊதாப் பழக் கொடி தனியாகவே காய்க்கும். ஆகவே ஒரே ஒரு மஞ்சள் கொடி வைத்துவிட்டுப் பூ கொட்டுகிறது, காய் இல்லை என்று சொல்லுகிறவர்கள் பக்கத்து வீட்டோடு சமாதானமாகி, அவர்களிடம் ஒரு கன்று வாங்க வேண்டும். வண்டு வராத நாளில் கைவைத்தியம் செய்யலாம். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பெண் பூவுக்கு அடியில் சின்னப் பிஞ்சு இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். எங்கள் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே இதைச் செய்வார்கள்.

இரண்டாவது பதிலுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். எங்கள் தோட்டங்களில் துரை பங்களா என்று ஒன்று உண்டு. அதன் முன்னால் கொடிரோசா, டாலியா, ஏறுகிற கொடிகள் என்று படத்தில் வருகிற மாதிரி ஒரு பூந்தோட்டம். அந்தப் பூந்தோட்டத்தைப் போட்டது துரை இல்லை. எங்கள் லயத்து மனிதர்தான் பங்களா தோட்டக்காரராக அங்கே போய், கொடிரோசாவை எந்தக் கணுவில் வெட்டினால் எங்கே துளிர்க்கும் என்று கற்றுக்கொண்டு, முப்பது வருடம் அதை வளர்த்தார். மாலையில் லயத்துக்குத் திரும்பினால் அவருடைய வாசலில் ஒரு கொடிக்கு இடமில்லை. நம் மக்களுக்குப் பூ வளர்க்கத் தெரியாது, இரசனை கிடையாது என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கைவேலை எங்களுடையது, மண்தான் எங்களுடையதில்லை. ஒரு தோட்டத்தில் நிர்வாகம் போஞ்சிக் கம்புகளைப் பிடுங்கச் சொன்னது. தோட்டத்து மரத்தில் வெட்டிய கம்பாம். வேலியில் இருந்த சங்குப்பூவை மட்டும் விட்டார்கள். மறுவருடம் பெண்கள் அதே சங்குப்பூக் கொடியோடு அவரையை ஏற்றிவிட்டார்கள். இரண்டும் நீலமும் ஊதாவுமாகப் பூத்து நின்றதில், காய்க்கும் வரை எது எதென்று யாருக்கும் தெரியவில்லை.

இங்கே பூவுக்குச் சந்தையும் இருக்கிறது. துர்க்கை அம்மன் கோவில் இருக்கிற ஊரில் மல்லிகையும் முல்லையும் வீணாகப் போகாது, நவராத்திரிக் காலத்தில் சொல்லவே வேண்டாம். பூத்து முடிந்ததும் கொடியைத் துணிந்து வெட்டிவிடுங்கள். புதுத் துளிரில்தான் மொட்டு வரும். பழைய கொடியைக் கட்டிக் காத்தால் பந்தல்தான் பாரமாகும்.

அடுத்தது சாப்பாடு. கொடிக்குப் போடுகிற சாப்பாட்டைச் சொல்கிறோம். எங்கள் தோழர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். தேயிலைக்கு நாம் போடுகிற உரம் கொழுந்துக்கான உரம். தேயிலை பூத்தால் நட்டம், இலைதான் வருமானம், அதனால் அந்தக் கலவையில் தழைச்சத்து தூக்கலாக இருக்கும். அதில் ஒரு பிடியைக் கொண்டுவந்து பாகலுக்குப் போட்டால் கொடியும் தேயிலை மாதிரியே இலை இலையாக விடும். பார்க்க அழகாக இருக்கும், காய் இருக்காது. கொழுந்துக்குச் சாப்பாடு வேறு, காய்க்குச் சாப்பாடு வேறு.

குழிக்கு ஒரு வாளி மக்கிய எருவை முதலிலேயே மண்ணோடு கலந்துவிடுங்கள். கொடி ஓடத் தொடங்கும்போது இலைக் கரைசல் கொடுக்கலாம். ஒரு பரலில் பாதிக்குச் சீமைக்கிளுவை இலையைத் திணித்து, தண்ணீர் விட்டு, ஒரு பிடி சாணியும் போட்டு, மூடி இரண்டு கிழமை வையுங்கள். நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். ஒரு பங்கு கரைசலுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, கிழமைக்கு ஒரு தடவை வேரடியில் ஊற்றினால் போதும். எங்கள் பக்கத்தில் றோட்டோரம் முழுக்க மஞ்சளாகப் பூத்து நிற்கிற காட்டுச் சூரியகாந்தியின் இலையும் இதற்கு நன்றாக உதவும். முதல் பூ கண்டதும் இதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பயித்தை, அவரை, போஞ்சி, சங்குப்பூ ஆகியவற்றுக்கு இந்தக் கரைசல் தேவையே குறைவு. அவற்றின் வேரில் உள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். காய்ப்பு முடிந்ததும் இவற்றை வேரோடு பிடுங்காமல் அடியில் வெட்டிவிட்டு, வேரை மண்ணிலேயே விடுங்கள். அடுத்த போகம் அந்த இடத்தில் பாகல் போடலாம்.

அடுப்புச் சாம்பல் விடயத்தில் நாங்களும் நீங்களும் ஒரே மாதிரி செய்ய முடியாது. தேயிலை மண் புளித்த மண், போஞ்சிக்கு அந்தப் புளிப்பு ஆகாது. ஆகவே மலையில் சாம்பலும் டொலமைட்டும் போட வேண்டும். உங்கள் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. இங்கே சாம்பலை வாளி வாளியாகக் கொட்டினால் மண் காரமாகி இலை வெளிறும். ஒரு சிரட்டை போதும்.

யாழ்ப்பாணத்தின் பழைய முறையைப் பற்றி நாங்கள் புத்தகத்தில் படித்திருந்தோம், இன்று கண்ணால் பார்த்தோம். வேலியில் பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் நிற்கிறது. அதே வேலி கொடிக்குப் பந்தல், அதே வேலியின் குழை மண்ணுக்கு எரு. பழைய வேலி ஓலையைப் பிரித்துத் தோட்டத்தில் தாழ்த்து, புது ஓலை கட்டுவது. முசுட்டையும் தூதுவளையும் தானாக வேலியில் ஏறி வறைக்கும் துவையலுக்கும் வருவது. இதை விட்டுவிட்டு மதில் கட்டுகிறவர்கள் கூடிவிட்டதாக ஒரு ஐயா குறைப்பட்டார். மதிலில் குழை வெட்ட முடியாது என்பது உண்மைதான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடை செய்தபோது, வேலியில் குழை இருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். அந்தத் தடை நவம்பரில் நீங்கியது, ஆனால் அடுத்த வருடம் உர மூட்டை பல பத்தாயிரம் ரூபாய்க்குப் போய்விட்டது. சேதனப் பசளை நல்லதுதான். அதைத் தயாரிக்க நாளும் இலையும் மாடும் வேண்டும் என்பதை யோசிக்காமல் வர்த்தமானியில் போட்டவர்களால்தான் அந்தச் சொல்லுக்கே கெட்ட பெயர் வந்தது.

யூரியா கையில் கிடைக்கிறபோதும் இங்கே அளவாகப் போட வேண்டியதற்கு இன்னொரு காரணம் உங்கள் கிணறு. வற்றாத ஆறு இல்லாத குடாநாடு, கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் கிடக்கிறது. மேலே போட்டு மிஞ்சிய உரம் மழையோடு நேராக அதற்குள் இறங்கும், மலக்குழியின் கசிவும் அப்படியே. குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. கொதிக்க வைத்தாலும் அது போகாது. பால்மா கரைத்துக் கொடுக்கிற கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். பந்தலைக் கிணற்றடியிலேயே போடுவது தண்ணீர் அள்ள வசதிதான். ஆனால் எருக்குழியையும் உரம் போடுகிற பயிரையும் கிணற்றிலிருந்து கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

எங்கள் தோழர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. தோட்டத்தில் களைநாசினி வந்த கேனை வீட்டுக்குக் கொண்டுபோய், கழுவி, தண்ணீர் பிடிக்கவும் இலைக் கரைசல் போடவும் வைத்திருப்பதை நாங்கள் லயம் லயமாகப் பார்த்திருக்கிறோம். எத்தனை தடவை கழுவினாலும் அந்தக் கேன் ஆகாது. கேனை ஓட்டை போட்டுத் திருப்பி வாங்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு, அதை எழுத்தில் கேளுங்கள். லயத்துக்குப் பக்கத்து மலையில் மருந்து அடிக்கிற நாளை முதல் நாளே அறிவிக்கச் சொல்லுங்கள். காற்றில் வருகிற ஒரு தூறல் போதும், போஞ்சியின் இலை சுருண்டுவிடும். போஞ்சியைச் சுருட்டுகிற அந்தத் தூறலைத்தான் வாசலில் விளையாடுகிற பிள்ளையும் சுவாசிக்கிறது.

சின்னச் சின்ன வேலைகளையும் சொல்லிவிடுகிறோம். சுரைக் கொடி பந்தல் உயரத்துக்கு வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கொடிகள் வரும், பெண் பூ அதில்தான் அதிகம். புடலங்காய் வளைந்தால் நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை, இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். பாகல் பிஞ்சைக் காய் ஈ குத்தாமல் கடதாசிப் பையில் கட்டுங்கள். எங்கள் செய்திமடலின் பழைய பிரதிகள் இதற்கு நல்ல அளவாக இருக்கின்றன, வாசித்த பிறகு கட்டினால் நாங்கள் கோபிக்க மாட்டோம்.

இனி எங்களைச் சுடுகிற விடயத்துக்கு வருகிறோம். 2022 ஜூனில் நாட்டில் சோறும் எரிபொருளும் இல்லாதபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு அந்த வெள்ளிக்கிழமை இல்லை. அவர் மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, கிலோ குறைந்தால் அரைப்பேர். காலையில் பிரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, பீலியில் வரிசை நின்று தண்ணீர் தூக்கி, அதன் பிறகுதான் பாத்திக்கு ஊற்ற வேண்டும். பயிரிடுங்கள் என்று தொலைக்காட்சியில் சொன்ன ஒருவரும், எந்தக் காணியில் என்று சொல்லவில்லை. அதோடு சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் முதலாளிமார் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு வரும்: வீடு இருக்கிறது, மரக்கறி போட இடம் இருக்கிறது, மாடு வளர்க்கிறார்கள், ஆகவே இந்தச் சம்பளம் போதும். எங்கள் பெண்கள் இருட்டில் தண்ணீர் ஊற்றி வளர்த்த போஞ்சியை எங்கள் சம்பளத்தில் கழிக்கப் பார்க்கிறார்கள். ஆகவே தொழிற்சங்கமாக நாங்கள் சொல்வது இது: வீட்டுத்தோட்டம் எங்கள் பிள்ளைகளின் கறிக்கு. அது நாட்சம்பளத்துக்குப் பதிலாக ஆகாது. அதை எந்த மேசையிலும் சம்பளக் கணக்கில் சேர்க்க விட மாட்டோம்.

இங்கே உங்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டு போகிற பெரிய பாடம் ஒன்று உண்டு. காணி விடுபட்டுத் திரும்பி வந்தபோது வீடு இல்லை, மதில் இல்லை, ஒழுங்கை கூட இல்லை, பற்றைக்காடு. எப்படி எல்லையைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டோம். கிணற்றை வைத்து, கோவிலடியை வைத்து, எல்லையில் நின்ற பனையையும் பூவரசையும் வைத்து என்றீர்கள். கையில் உறுதியும் இருந்தது. முப்பது வருடம் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த காகிதம். இன்னும் விடுபடாத காணிகளுக்கும் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் நீங்கள் நின்று கேட்கிறீர்கள். எங்களிடம் காகிதம் இல்லை. ஐந்து தலைமுறை இருந்த லயத்துக்கும் இல்லை, அதன் பின்னால் உள்ள பாத்திக்கும் இல்லை. 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்கு வந்த எங்கள் சனங்களில் பலர் அங்கே காடு வெட்டிப் பயிர் செய்தும் காகிதத்துக்காக வருடக் கணக்கில் அலைந்தார்கள்.

அதனால் இரண்டு வேலையை ஊர் திரும்பியதும் தொடங்குகிறோம். லயத்துக்கு லயம் மகளிர் குழுக்கள் மூன்று மாதக் கொடியோடு ஒரு நீண்டகாலக் கொடியையும் நடும். சௌசௌவோ, கொடித்தோடையோ, முல்லையோ, அந்தந்த வீட்டுக்காரர் விரும்பியது. நட்ட திகதியை எழுதி வைக்கும். இரண்டாவது, ஒவ்வொரு பாத்தியையும் அளந்து பதிவது. எங்கள் மேல் வகுப்புப் பிள்ளைகள் அளவு நாடாவோடு போவார்கள், கணித பாடத்தில் பரப்பளவு எப்படியும் படிக்கத்தானே வேண்டும். நீளம், அகலம், யார் எந்த வருடத்திலிருந்து பயிர் செய்கிறார், என்ன நிற்கிறது, இரண்டு அயலவர் கையொப்பம். பெயர் எழுதும்போது பாத்தியில் வேலை செய்கிற பெண்ணின் பெயரை முதலில் எழுத வேண்டும். ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி வீட்டில். இது உறுதி ஆகாது, எங்களுக்கும் தெரியும். ஆனால் நாளைக்குக் காணி அளக்க வருகிறவர், இங்கே யாரும் பயிர் செய்யவில்லை என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

விதை மேசை வாசல் பக்கம் இருக்கிறது. நாங்கள் கொண்டுவந்தது கொடிப்போஞ்சியும் ஊதாக் கொடித்தோடையும். உங்கள் வெக்கையில் போஞ்சி சரிவருமோ தெரியாது, மாரி மழை விட்டபின் குளிர் நாளில் போட்டுப் பாருங்கள். உங்களிடமிருந்து பயித்தையும் திண்ணைவேலி வெள்ளைப் பாகலும் கொண்டுபோகிறோம், மலையில் உயரம் குறைந்த தோட்டங்களுக்கு அது பிடிக்கும். விதையை நிழலில் காயவைத்து, சாம்பலில் புரட்டி, போத்தலில் அடைத்துத் திகதி எழுதுங்கள். மூலையில் ஒரு சாக்கு முளைவிட்ட சௌசௌ இருக்கிறது. அதை நட வேண்டாம், இங்கே காய்க்காது. ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு போய்ப் பருப்போடு கறி வையுங்கள்.